பெங்களூரில் பத்து நாள்: ஒரு ரிப்போர்ட்டுக்கு இரண்டு கையெழுத்து

பெங்களூர் என்றதும் நம் பெண்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவது லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா, அப்புறம் மைசூர் சில்க். போய் வந்தவர்கள் சிக்பேட்டையில் புடவை எடுத்த கதையை ஒரு வாரம் சொல்வார்கள். நான் சென்ற மார்கழியில் பெங்களூரில் பத்து நாள் இருந்தும் ஒரு புடவைக் கடைக்குள் நுழையவில்லை. லால்பாக்கை ஒரே ஒரு காலை வேளையில் சுற்றி வந்தேன். மற்ற நாளெல்லாம் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும்தான். அங்கே தெரிந்துகொண்ட ஒரு விஷயம், குழந்தை வளர்க்கிற ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை மகள் எம்.ஏ. சைக்காலஜி முடித்துவிட்டு, மனநல சைக்காலஜிஸ்ட் ஆவதற்கான இரண்டு வருஷப் பயிற்சியில் அங்கே இருக்கிறாள். (அவள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.) லக்கசந்திராவில் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு சின்ன வீடு. தங்கை ஒரு நாள் என்னிடம் வந்து, "அக்கா, போன் பண்ணினாலே அழறா. எழுதின ரிப்போர்ட்டையே நாலு தடவை திருப்பி எழுதச் சொல்றாங்களாம். நீ போய்ப் பத்து நாள் சமைச்சுப் போடு. முடியலேன்னு சொன்னா கையோட கூட்டிட்டு வந்துடு" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் உட்கார முடியாது. நான் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கைமுறுக்கு எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சேலத்திலிருந்து சுமார் 200 கிலோ மீட்டர். விடியற்காலை பஸ். தொப்பூர் கணவாயில் பனி இறங்கி நின்றது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் கர்நாடகம் ஆரம்பிக்கிறது. கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிறது. ஆனால் பஸ்ஸில் பேச்சு மட்டும் தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கலந்துதான் ஓடுகிறது. மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "நிம்ஹான்ஸ் பக்கம்" என்றதுமே ஆட்டோக்காரர் தமிழில், "யாரும்மா, வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்த ஊரில் அந்தப் பெயருக்கு அப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது.

மரங்களுக்கு நடுவே ஓர் ஆஸ்பத்திரி

முன்பு மைசூர் சமஸ்தானத்தில் மனம் பேதலித்தவர்களை அடைத்து வைக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. 1925ல் அதற்கு மனநல ஆஸ்பத்திரி என்று பெயரை மாற்றினார்கள். இன்றைய இடத்துக்கு வந்தது அதன் பிறகு, 1930களில். 1954ல் இதே வளாகத்தில் அகில இந்திய மனநல நிலையம் ஆரம்பமானது. டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி அதன் முதல் டைரக்டர். 1974 டிசம்பரில் ஆஸ்பத்திரியையும் நிலையத்தையும் ஒன்றாக்கி நிம்ஹான்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சைக்காலஜிஸ்டுகளுக்கான பயிற்சி 1955லேயே அங்கே தொடங்கிவிட்டது. அப்படிப் பார்த்தால், நம் அம்மாக்கள் காலத்திலிருந்தே நடந்து வருகிற பள்ளிக்கூடம் இது.

ஆஸ்பத்திரி என்றால் மருந்து நெடியும் அழுகையுமாக இருக்கும் என்று பயந்துகொண்டு போகிறவர்களுக்கு உள்ளே போனதும் ஆச்சரியம்தான். பெரிய பெரிய மரங்கள். நிழலில் ஜமக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் அம்மா தூக்குச் சட்டியிலிருந்து எலுமிச்சம்பழ சாதம் எடுத்து வாலிப வயது மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆந்திரா, கேரளா, வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ வந்த ஜனங்கள். பக்கத்திலேயே கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியும், குழந்தைகளுக்கான இந்திரா காந்தி ஆஸ்பத்திரியும் இருப்பதால் அந்தச் சாலையில் எந்நேரமும் கூட்டம்.

சிகிச்சையில் இருப்பவர்கள் தொழில் பழகுவதற்காக வளாகத்தில் ஒரு பேக்கரி நடக்கிறது. அங்கே வாங்கிய ரொட்டியைத்தான் தினமும் காலையில் அந்தப் பெண்கள் சாப்பிடுகிறார்கள். நான் போனதும் அது இட்லி, தோசையாக மாறியது வேறு விஷயம்!

மனித மூளைகளைப் பாடம் பண்ணி வைத்திருக்கும் ஒரு மியூசியமும் உண்டு. பொது ஜனங்களும் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைந்த அந்தச் சதை உருண்டையைப் பார்த்தபோது, 'இதற்குள்ளா இத்தனை ஆசையும் கோபமும் கணக்கும் சங்கீதமும்!' என்று இருந்தது. மூளையைத் தராசில் நிறுத்துவிடலாம். அதன் திறமையை எதில் நிறுப்பது? என் தங்கை மகள் படிக்கிற படிப்பே அதுதான்.

"காட்டக் கூடாது பெரியம்மா"

மனத்தையும் புத்தியையும் அளந்து பார்க்கப் பலவிதமான டெஸ்டுகள் இருக்கின்றன. 1905ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே என்பவர் செய்த டெஸ்டுதான் இன்றைய புத்தி அளவைகளுக்கு மூலம். பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படுகிற குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவத்தான் அதைச் செய்தார். முத்திரை குத்தி ஒதுக்க அல்ல. அது அமெரிக்கா போய் வளர்ந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1930களில் டாக்டர் வி.வி. காமத் அதைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். 1955ல் சி.எம். பாட்டியா, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளையும் அளக்கக்கூடிய, கட்டைகளும் படங்களும் கொண்ட டெஸ்டு தந்தார். 1969ல் நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியக் குழந்தைகளுக்கென்று இன்னொன்று தயாரித்தார். மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று 10 கட்டைகளை அதனதன் குழியில் பொருத்துகிற டெஸ்டும் உண்டு. மைக் கறை போல 10 அட்டைகளைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் டெஸ்டு 1921லிருந்து இருக்கிறது.

அந்த மைக் கறை அட்டையைப் பார்க்க எனக்கு ஆசை. "ஒண்ணே ஒண்ணு காட்டேன் கண்ணு" என்றேன்.

"காட்டக் கூடாது பெரியம்மா. வித்தையை ஒளிச்சு வைக்கிறோம்னு இல்ல. முன்னாடியே பார்த்தவங்களுக்கு அப்புறம் அந்த டெஸ்டு பிரயோசனப்படாது. நாளைக்கே உங்களுக்கே தேவைப்படலாமே?" என்றாள் சிரித்துக்கொண்டு.

அதே மாதிரி, தான் பார்த்த ஒரு குழந்தையின் பெயரோ, ஊரோ, அப்பா என்ன வேலை என்பதோகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. "மாதிரிக்குச் சொல்றேன், இது யாரோட கதையும் இல்லை" என்றுதான் ஒவ்வொன்றையும் ஆரம்பித்தாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இத்தனை வாய்க்கட்டு வந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிவப்பு மை

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பாள். பக்கத்தில் திருப்பி வந்த ரிப்போர்ட்டுகள். ஓரமெல்லாம் சிவப்பு மை. அவளுக்கு மேற்பார்வை பார்க்கிற மேடம் எழுதியவை. அங்கே அவர்களை 'கைடு' என்கிறார்கள். ரிப்போர்ட்டில் இருக்கிற பெயரையும் விலாசத்தையும் அவள் கையால் மூடிக்கொண்டு, சிவப்பு மையில் இருந்த கேள்விகளை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"பிறந்த தேதி யார் சொன்னது?" இதுதான் முதல் கேள்வி. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

மாதிரிக்கு ஒரு பையன். பள்ளிக்கூடக் கணக்குப்படி அவனுக்கு ஏழரை வயது, அதாவது 90 மாதம். டெஸ்டில் அவன் செய்தது ஐந்து வயதுப் பிள்ளை செய்கிற அளவு, 60 மாதம். இதை மன வயது என்கிறார்கள். பழைய பினே முறையில் மன வயதை உண்மை வயதால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 60ஐ 90ஆல் வகுத்தால் ஐ.க்யூ. 67. ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக வயதைக் கூட்டிச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனுக்கு உண்மையில் ஆறரை வயதுதான் என்றால்? 60ஐ 78ஆல் வகுக்க வேண்டும். ஐ.க்யூ. 77. நடுவில் 70 என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் அறிவு வளர்ச்சிக் குறைபாடா என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

"ஒரே பையன், ஒரே பதில்கள். அப்பா சொன்ன ஒரு பொய் வயசால கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மாறிப் போச்சு பாருங்க" என்றாள்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. எங்கள் வீட்டிலேயே என் பெரிய பையனுக்கு ஜூன் மாதத் தேதி கொடுத்தவர் என் மாமனார். எத்தனை வீடுகளில் இப்படி! ஜாதகம் ஒரு தேதி, பள்ளிக்கூடம் ஒரு தேதி. டெஸ்டு எடுக்கிறவர் கேட்காவிட்டால் நாமாகச் சொல்லவும் தோன்றாது.

இரண்டாவது கேள்வி: "எந்த பாஷையில் கேட்டாய்?" வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் இங்கிலீஷும் பேசுகிற பெங்களூர்க் குழந்தைக்கு, இங்கிலீஷில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் புத்தி இல்லை என்று அர்த்தமா? அந்த வார்த்தைதான் தெரியவில்லை.

மூன்றாவது: "காதும் கண்ணும் பார்த்தாச்சா?" பாதி கேட்காத குழந்தை பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

நான்காவது: "சாப்பிட்டானா, தூங்கினானா, மாத்திரை ஏதாவது உண்டா?" ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து, காலையில் டீயும் பன்னும் தின்றுவிட்டு வரிசையில் நிற்கிற குழந்தை அது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டால் சிலருக்குத் தூக்கம் தள்ளும்.

ஐந்தாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: "வீட்டில் என்ன செய்கிறான்?" தானே குளிக்கிறானா, பித்தான் போடுகிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, தம்பியைப் பார்த்துக்கொள்கிறானா? இதற்கென்றே தாயிடம் கேட்டு எழுதுகிற தனி அளவை இருக்கிறது. வைன்லாண்ட் என்று பெயர். அதையும் மாலின்தான் நம் நாட்டுக்கு மாற்றித் தந்தார். டெஸ்டு எண் குறைவாக இருந்தும் வீட்டு வேலை, கடை வேலை எல்லாம் வயதுக்குத் தக்கபடி செய்கிற குழந்தையை, அறிவு வளர்ச்சி குறைந்தவன் என்று எழுதிவிடக் கூடாதாம். இரண்டும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். அடுப்படியில் நாம் கவனிக்கிறதும் கணக்கில் வருகிறது என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இன்னும் இருக்கிறது. டெஸ்டுகள் பழையவை. அந்தக் காலத்துப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அளவுகோலை இன்றைய பிள்ளைக்கு அப்படியே வைத்தால் எண் தப்பாகக் காட்டலாம். போன மாதம் வேறு இடத்தில் இதே டெஸ்டு எடுத்திருந்தால் பழக்கத்தால் எண் ஏறிவிடும். இதையெல்லாம் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிறார்கள். எதிரே ஒரு குழந்தை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார்.

கையைப் பிடித்துக் கோலம்

இந்தப் பயிற்சி நடக்கிற முறையைக் கேட்டபோது எனக்குப் பாட்டி கோலம் கற்றுக்கொடுத்ததுதான் ஞாபகம் வந்தது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் வேண்டும். அப்புறம் புள்ளி மட்டும் வைக்கலாம். அப்புறம் கையைப் பிடித்து ஒரு இழை. தனியாக வாசலில் போட விடுவது கடைசியில்தான். அன்றைக்கும் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவர்களுக்கும் அதே மாதிரி. முதலில் மூத்தவர் டெஸ்டு எடுப்பதைப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவருக்கொருவர் எடுத்துப் பழகுகிறார்கள். பிறகு மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் எடுக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதும் இந்தப் படிப்பில் வழக்கம். கடைசியில் தனியாக. ஆனால் ஒவ்வொரு மார்க்கையும் கைடு கூட்டிப் பார்ப்பார். சந்தேகமான கேஸை எல்லோர் முன்னிலையிலும் வைத்து விவாதிப்பார்கள். ரிப்போர்ட் வெளியே போகும்போது அதில் இரண்டு கையெழுத்து: எடுத்தவருடையது ஒன்று, மேற்பார்வை பார்த்தவருடையது ஒன்று.

"சரி கண்ணு, அப்புறம் எதுக்கு அழுகை?" என்று ஒரு நாள் லால்பாக் ஏரிக்கரையில் நடக்கும்போது கேட்டேன். காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஸ்வெட்டர் போட்ட தாத்தாக்கள் கைகளை வீசிக்கொண்டு வேகமாக நடந்து போனார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவள், பிறகு சொன்னாள்: "ஒரு குழந்தைக்கு நான் பாவம் பார்த்துட்டேன் பெரியம்மா. அது கிட்டத்தட்டச் சரியாச் சொல்லிச்சு. சரின்னு போட்டுட்டேன். அடுத்ததுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். அம்மா அவ்வளவு ஆசையாப் பார்த்துட்டு நிக்கிறாங்க. எனக்கு மனசு வரல. மேடம் பேப்பரைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டாங்க. 'உன் கருணை அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தட்டிப் பறிக்குது. இல்லாத எண்ணைக் கொடுத்தா, அந்தக் குழந்தையால முடியாத வகுப்புல உட்கார வச்சு வருஷக்கணக்குல அடி வாங்க வைப்பாங்க. அதுக்கு நீ பொறுப்பா?'ன்னு கேட்டாங்க. அன்னிக்குத்தான் அம்மாகிட்ட போன்ல அழுதேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"திட்டிட்டு விட்டுடல. சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வச்சு, 'அந்த அம்மா முகத்துல உனக்கு யார் முகம் தெரிஞ்சது?'ன்னு கேட்டாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். எங்க அம்மா முகம்தான். என் மார்க் ஷீட்டை வாங்கறப்போ அப்படித்தான் நிப்பாங்க."

மேற்பார்வை என்றால் தப்புக் கண்டுபிடிப்பது மட்டும் அல்ல என்று அப்போது எனக்குப் புரிந்தது. தினமும் அடுத்தவர் துக்கத்தைக் கேட்கிற இளம் பெண்ணுக்கு, அவள் மனத்தையும் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒன்று மனம் மரத்துப் போகும், இல்லை உடைந்து போகும். மேல்நாடுகளிலும் இது இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், புதிதாகப் படிப்பு முடித்து மேற்பார்வையில் வேலை பழகுகிறவர்களுக்கு முதலில் தாற்காலிகப் பதிவுதான் தருகிறார்களாம்.

எட்டாம் நாள் மத்தியானம் அவள் சாப்பிட வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. நாலு தடவை எழுதிய ரிப்போர்ட் ஐந்தாம் தடவை கையெழுத்தாகிவிட்டது. "என்ன பண்றே, என்னோட சேலம் வர்றியா?" என்று கேட்டேன். கேட்டாக வேண்டும் அல்லவா, தங்கை சொல்லி அனுப்பியது! "பொங்கலுக்கு வரேன் பெரியம்மா. இப்ப நாளைக்கு ரெண்டு குழந்தைங்களுக்கு நேரம் கொடுத்திருக்கேன்" என்றாள். அன்று அவரைக்காய்ப் பருப்பு போட்டு ரசம் வைத்திருந்தேன். பெங்களூரில் அது அவரைக் காலம். மூன்று பெண்களும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு, "பொண்ணு நல்ல கையிலதான் இருக்கா. அழுதா அழட்டும், விடு" என்று சொன்னேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன்

இத்தனையும் நான் காது கொடுத்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன். படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடம் சொல்லி, எங்கேயோ ஓரிடத்தில் ஒரு மத்தியானத்தில் டெஸ்டு எடுத்தார்கள். அரைப் பக்கம் தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு எண்ணும் ஒரு முத்திரையும். எந்த டெஸ்டு, எந்த பாஷை, பிறந்த தேதி என்ன, யார் எடுத்தது, ஒன்றும் இல்லை. "இவனுக்குப் படிப்பு வராது" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தாய் அவனைப் பள்ளிக்கு அனுப்புவதைவிட நூல் சுற்ற உட்கார வைப்பதே அதிகம்.

அந்தத் தாளைப் பற்றித் தங்கை மகளிடம் சொன்னேன். குழந்தையைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். "ஆனா முதல்ல காதைக் காட்டச் சொல்லுங்க. உண்மையான வயசை எழுதி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. பதிவு பெற்ற ஒருத்தர்கிட்ட தமிழ்லயே டெஸ்டு எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயை அழைத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனேன். ஒரு காதில் வெகு நாளாகச் சீழ் இருந்திருக்கிறது. இப்போது வைத்தியம் நடக்கிறது. அது சரியான பிறகுதான் மறுபடியும் டெஸ்டு. எண் கூடுமோ, குறையுமோ, அப்படியே இருக்குமோ, யாருக்குத் தெரியும்? குறைவாகவே வந்தாலும் வரட்டும். சரியாக எடுத்த எண்ணாக இருந்தால் அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்பதாவது தெரியும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் வருகிற கற்றல் குறைபாடு இரண்டுமே 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. அதன்படி கிடைக்கிற சலுகைகளுக்கும் ஆதாரம் ஒழுங்கான ரிப்போர்ட்தான்.

சகோதரிகள் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தையை இப்படி டெஸ்டுக்கு அழைத்துப் போக நேர்ந்தால், கீழே உள்ளவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பிறந்த தேதியைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத் தேதி வேறு என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

காது, கண் இரண்டையும் முன்னதாகப் பரிசோதித்துவிடுங்கள். குழந்தை சாப்பிடுகிற மருந்துகளை எழுதி எடுத்துப் போங்கள்.

முதல் நாள் நன்றாகத் தூங்க வையுங்கள். வயிறு நிறையக் கொடுத்து அழைத்துப் போங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் இன்னொரு நாள் கேளுங்கள்.

குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த பாஷையில் டெஸ்டு எடுக்கச் சொல்லுங்கள். முன்பு எங்கேயாவது டெஸ்டு எடுத்திருந்தால் மறைக்காதீர்கள்.

எடுக்கிறவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 1992ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், மனநல சைக்காலஜிஸ்டுகளைப் பதிவு செய்து எண் கொடுக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பயிற்சியில் இருக்கிற இளம் பிள்ளைதான் டெஸ்டு எடுக்கப் போகிறது என்றால் முகம் சுளிக்க வேண்டாம். "உங்களுக்கு மேற்பார்வை யார்? ரிப்போர்ட்டை அவர் பார்ப்பாரா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால், ஒரு குழந்தைக்கு இரண்டு பேர் கவனம் கிடைக்கிறது என்று நிம்மதியாக உட்காரலாம்.

எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இவனால் எது முடிகிறது, எது முடியவில்லை, வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. வீட்டில் அவன் செய்கிற சின்னச் சின்ன வேலைகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், எதைத் தானாகச் செய்கிறான் என்பதெல்லாம் வேண்டும். டெஸ்டு எடுக்கிறவர் அவனைப் பார்ப்பது சில மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள். அந்த நோட்டு இருந்தால் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கும், அதைத் திருத்துகிறவருக்கும் வேலை சுலபம். இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆரம்பித்துவிடுங்கள்.